கை மட்டும் போதும், சார்!

என் உயரம் 5 அடி 11 அங்குலம்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில், அரசலாற்றங்கரையில் ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு இந்த உயரத்தை வைத்து என்ன செய்ய முடியும்? பரண் மேலிருந்து பித்தளை அண்டா இறக்கலாம். கல்யாண வீட்டில் சீரியல் பல்பு கட்டலாம். டவுன் பஸ்ஸில் தலையைக் குனிந்தபடி நிற்கலாம். மூன்றையும் நான் சிறப்பாகவே செய்துகொண்டிருந்தேன். யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

வினை, சித்தப்பா மகளின் காதுகுத்து பேனரில் ஆரம்பித்தது.

டெல்டாவில் மாடல் ஆகாத மனுஷனே கிடையாது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், வளைகாப்பு, கட்சியில் வார்டுப் பொறுப்பு கிடைத்தது என்று எல்லாவற்றுக்கும் ஃப்ளெக்ஸ் உண்டு; அதில் நமக்கு ஒரு வட்டமோ, நட்சத்திரமோ நிச்சயம் ஒதுக்கப்படும். கடைசியாக வரும் 'கண்ணீர் அஞ்சலி'க்கு மட்டும்தான் நாம் போஸ் கொடுக்கப் போவதில்லை. அகப்பட்ட போட்டோவைப் போட்டுவிடுவார்கள்.

அந்தக் காதுகுத்து பேனரில் டிசைனர் தம்பிக்கு என் மேல் என்ன பிரியமோ, என்னை முழு உயரத்துக்கு நிறுத்தி, கூலிங் கிளாஸ் மாட்டி, பின்னால் ஈஃபில் டவரையும் வைத்துவிட்டார். பத்து மாதக் குழந்தை ஓரத்தில் சின்னதாக அழுதுகொண்டிருந்தது.

"மாப்ளே, நீ இங்க இருக்கவேண்டிய ஆளே இல்லடா" என்றான் டீக்கடையில் ஒரு நண்பன்.

அவனிடம் ஆதாரம் தயாராக இருந்தது. அரவிந்த்சாமி யார்? காலேஜ் படிக்கும்போது பாக்கெட் மணிக்காக விளம்பரத்தில் நின்றவர். 1991-ல் 'தளபதி'! விக்ரம் யார்? சோழா டீ விளம்பரத்தில் வந்தவர். சோழா டீயிலிருந்தே கிளம்ப முடியும் என்றால், சோழ நாட்டிலிருந்தே கிளம்புகிற நமக்கு என்ன கேடு?

விக்ரமின் முதல் படம் 1990-ல் வந்தது, 'சேது' வந்தது 1999-ல், நடுவில் ஒன்பது வருஷம் அந்த மனிதர் என்ன பாடு பட்டார் என்ற கணக்கை அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இத்தனைக்கும் நான் பி.காம்.! வரவுப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு லெட்ஜரை மூடிவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன்.

"அது என்ன வேலைடா தம்பி?"

"சட்டை போட்டுக்கிட்டு நிக்கணும்ப்பா."

"சட்டை போட்டுக்கிட்டு நிக்கறதுக்கா காசு குடுக்கறாங்க?"

"ஆமாம்ப்பா."

அப்பா, துண்டைத் தவிர மேலுக்கு எதுவும் போடாத ஆள். கொஞ்ச நேரம் யோசித்தார். "நல்ல வேலையாத்தான் இருக்கு" என்றார்.

இது 2012 மே மாதம். ராத்திரி பஸ் பிடித்து சென்னைக்குப் போய், ஒரு 'மாடலிங் ஏஜென்சி' வாசலில் இறங்கினேன். ஏ.சி. அறை. சுவர் முழுக்கப் பளபளா முகங்கள். டை கட்டிய ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களை மாதிரி ஃபேஸைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்" என்றார். இருபத்து மூன்று வருஷத்தில் என் முகத்தை யாரும் தேடியதில்லை. (வகுப்பில் காணவில்லை என்று தேடியது வேறு.) அங்கேயே விழுந்துவிட்டேன்.

ரெஜிஸ்ட்ரேஷன் 5,000 ரூபாய். போர்ட்ஃபோலியோ 20,000 ரூபாய். ஆக 25,000.

எங்கள் வீட்டில் அன்றைக்கு இருந்த மொத்த ரொக்கமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வந்த பணத்தில், குறுவைச் செலவுக்கு என்று அப்பா எடுத்து வைத்திருந்தது. 2011-12 பருவத்தில் சாதா ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 1,080 ரூபாய். 40 கிலோ சிப்பம் ஒன்றுக்கு 432 ரூபாய். 25,000 ரூபாய் என்றால் 58 சிப்பம் நெல். எங்கள் வயலில் ஒரு ஏக்கர் சம்பா, விதைத்ததிலிருந்து அறுத்தது வரை!

இந்தக் கணக்கை நான் அப்போது போடவில்லை. அப்புறம்தான் போட்டேன். அப்புறம் நிறைய தடவை போட்டேன்.

"ஜூன் 12 மேட்டூர் தொறக்கறதுக்குள்ள எனக்கு ஒரு விளம்பரம் கெடச்சிடும்ப்பா. திருப்பிடறேன்" என்றேன்.

அப்பா மஞ்சப்பையில் சுற்றிக் கொடுத்தார். எண்ணிப் பார்க்கச் சொன்னார். அவ்வளவுதான்.

போர்ட்ஃபோலியோ எடுத்த கூத்தைச் சொல்ல வேண்டும். மே மாத சென்னை வெயிலில் லெதர் ஜாக்கெட். எனக்கு முன்னால் போட்டவரின் வியர்வை இன்னும் காயவில்லை. எஞ்சின் இல்லாத ஒரு பைக் மேல் உட்காரவைத்தார்கள். மோவாய்க்கு அடியில் முஷ்டியை வைக்கச் சொன்னார்கள்.

"கண்ணுல ஒரு ஆட்டிட்யூட் வேணும் சார்!"

எனக்கு ஆட்டிட்யூட் வரவில்லை. காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரை நினைத்துக்கொண்டேன். "சூப்பர், அதேதான்!" என்றார் போட்டோகிராபர்.

நாற்பது படங்கள். தடிமனான அட்டை போட்ட ஆல்பம். பார்த்தால் பிரமாதமாக இருந்தது. ஒரே குறை, அதில் இருந்தது நான் இல்லை. அம்மாவே இரண்டு படத்தில் "இது யாருடா?" என்று கேட்டாள்.

ஜூன் 12 வந்தது. விளம்பரம் வரவில்லை. மேட்டூரும் திறக்கவில்லை.

டெல்டாக்காரர்களுக்கு 2012 ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் அணை திறந்தது செப்டம்பர் 17-ம் தேதி. போர் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் குறுவை போட்டார்கள். எங்களுக்கு ஆற்றுப் பாசனம் மட்டும்தான். அரசலாற்றில் பையன்கள் கிரிக்கெட் விளையாடினார்கள்.

ஏஜென்சிக்கு போன் அடித்தால், "இந்த வாரம் கிளையன்ட் வர்றார்" என்பார்கள். அடுத்த வாரமும் கிளையன்ட் வந்துகொண்டேயிருப்பார். ஆகஸ்டில் நேரிலேயே போனேன். கதவில் பூட்டு. மாடிப்படியில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேரும் நெடுநெடுவென்று 5 அடி 10-க்கு மேல். அத்தனை பேர் கையிலும் தடிமனான ஆல்பம். என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் ஃபேஷன் பரேட் அதுதான்.

ஒருத்தன் சேலம். ஒருத்தன் நாகர்கோவில். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிற சினிமா சீனெல்லாம் இல்லை. செல்போன்தான். ஆனால் அழுகை அதேதான்.

"போயிட்டுப் போவுது விடுடா" என்றார் அப்பா. "காசு கையில இருந்திருந்தா சும்மா இருந்திருப்பனா? நாத்து விட்டிருப்பேன். ஆத்துல தண்ணி இல்ல. அதுவும் கருகித்தான் போயிருக்கும். இதுல உன் போட்டோவாவது இருக்கு."

இப்படிச் சொல்லத் தெரிந்த மனிதர் காமர்ஸ் படித்திருந்தால், எவ்வளவு பெரிய நஷ்டக் கம்பெனியையும் பேலன்ஸ் ஷீட்டில் நிமிர்த்தியிருப்பார். செப்டம்பரில் தண்ணீர் வந்து, சம்பாவுக்காக அம்மாவின் தோட்டைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தது எனக்குத் தீபாவளிக்குப் போனபோதுதான் தெரிந்தது. அம்மா கவரிங் தோடு போட்டிருந்தாள். "இது வெயிட்டே இல்லடா, நல்லாருக்கு" என்றாள்.

திரும்பச் சென்னைக்கு வந்தேன். இந்தத் தடவை ஜெயிக்க வரவில்லை. தோட்டை மீட்க வந்தேன். பகலில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர் டிக் அடிக்கிற வேலை. மற்ற நேரத்தில் சாலிகிராமம் பக்கம் சுற்றினேன். அங்கே டீக்கடையில்தான் அந்த கோஆர்டினேட்டர் அண்ணனைச் சந்தித்தேன். விளம்பரப் படங்களுக்கு ஆள் பிடித்துத் தருகிறவர். என் ஆல்பத்தை ஒரு பக்கம் திருப்பினார், மூடினார்.

"எவ்ளோ குடுத்தீங்க தம்பி?"

சொன்னேன்.

"தம்பி, ஒரு விஷயம் கேட்டுக்குங்க. உங்களுக்கு வேலை வாங்கிக் குடுத்து, அதுல கமிஷன் எடுக்கறவன் ஏஜென்ட். வேலை குடுக்கறதுக்கு முன்னாடியே உங்ககிட்ட காசு வாங்கறவனுக்கு, நீங்கதான் கஸ்டமர். அவனுக்கு வியாபாரம் அன்னிக்கே முடிஞ்சிடுச்சு. அப்புறம் எதுக்கு உங்களுக்கு வேலை தேடணும்?"

மூன்று வருஷம் பி.காம். படித்து எனக்கு விளங்காத ஒன்றை, ஒரு சிங்கிள் டீ நேரத்தில் விளங்கவைத்துவிட்டார்.

பின்னால் படித்துப் பார்த்தபோது, உலகமெங்கும் இந்தத் தொழில் இப்படித்தான் என்று தெரிந்தது. 1923-ல் நியூயார்க்கில் ஜான் ராபர்ட் பவர்ஸ் என்பவர் மாடல்களுக்கென்று முதல் ஏஜென்சியைத் தொடங்கினார். அவரே நடிகராக வேலை தேடியவர். வேலைக்கு ஆள் தேடுகிறவனையும் வேலை தேடுகிறவனையும் சேர்த்துவைத்து, நடுவில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வது, அவ்வளவுதான் சூத்திரம். கல்யாணத் தரகர்தான் சார்! பெண் பார்ப்பதற்கு முன்பே ஜாதகத்துக்கு லேமினேஷன் போட 25,000 கேட்கிற தரகரிடம் நம் வீட்டில் கொடுப்போமா?

அண்ணன் என்னைத் தெருவில் வெளிச்சம் பார்த்து நிறுத்தி, அவர் செல்போனிலேயே நாலு படம் எடுத்தார். வெறும் டி-ஷர்ட். பவுடர்கூட இல்லை. நேராக ஒன்று, இரண்டு பக்கவாட்டில், தலையிலிருந்து கால்வரை ஒன்று. உயரம், வயசு, செருப்பு சைஸ் எழுதிக்கொண்டார். "கம்பெனிக்காரனுக்கு இது போதும். உங்க மூஞ்சி எப்படி இருக்குன்னுதான் அவனுக்குத் தெரியணும். போட்டோகிராபர் எவ்ளோ கெட்டிக்காரர்னு தெரிஞ்சு அவனுக்கு என்ன ஆகணும்?"

செலவு: இரண்டு டீ. அதையும் அவரே கொடுத்தார்.

நவம்பரில் முதல் ஆடிஷன். உரக் கம்பெனி விளம்பரம். தேவை, 'இளம் விவசாயி'.

நான் துள்ளிக் குதித்தேன். இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? லெதர் ஜாக்கெட்டில்தானே நான் நானாக இல்லை? இது என் சொந்த வேஷம்! வரிசையில் இருந்த மற்ற இளம் விவசாயிகள் ஜிம் பாடியும், டிரிம் செய்த தாடியுமாக, தலைக்குத் துண்டு கட்டத் தெரியாமல் ஒருவருக்கொருவர் கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு.

கையில் ஸ்லேட்டு கொடுத்தார்கள். பெயர், உயரம், நம்பர் 43. ஆடுதுறை 43 என்று குறுவைக்கு ஏற்ற ஒரு நெல் ரகமே உண்டு, எங்கள் ஊருக்குப் பக்கத்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்தது. இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா?

"முன்னாடி வயல் இருக்கறதா நினைச்சுக்குங்க. பாருங்க, சந்தோஷப்படுங்க" என்றார் டைரக்டர்.

நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். உட்கார்ந்தேன். இல்லாத பயிரை இரண்டு கையாலும் விலக்கி, தூரில் புகையான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். ஒரு இலையைத் திருப்பி, சுருட்டுப் புழு இருக்கிறதா என்று பார்த்தேன். புருவம் தானாகச் சுருங்கியது. எழுந்து, வரப்பில் நண்டு வளை எதுவும் இருக்கிறதா என்று ஒரு பார்வை விட்டேன்.

"கட்! சார்... என்ன சார் பண்றீங்க?"

"வயலைப் பாக்கறேன் சார்."

"இதுல சந்தோஷம் எங்க சார் இருக்கு?"

நியாயமான கேள்வி. அப்பாவிடம் கேட்க வேண்டிய கேள்வி.

"விவசாயின்னா நிமிர்ந்து நிக்கணும் சார். இடுப்புல கை. வானத்தைப் பாத்து சிரிக்கணும். நீங்க விவசாயி மாதிரியே இல்லையே!"

நாலு தலைமுறையாக நெல் விளைவிக்கிற வீட்டில் பிறந்தவன், விவசாயி மாதிரி இல்லை என்று ரிஜெக்ட் ஆனேன். தேர்வானது பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு நண்பர். நல்ல மனுஷன். என்னிடம் ரகசியமாக, "பிரதர், நெல் மரத்துல எந்த சைடுல காய்க்கும்?" என்று கேட்டார். தமாஷுக்குத்தான் கேட்டார் என்று இன்றுவரை நம்புகிறேன்.

கோபம் வந்தது. கோஆர்டினேட்டர் அண்ணன் அதற்கும் விளக்கம் வைத்திருந்தார். "அவங்களுக்கு விவசாயி வேணாம் தம்பி. அவங்க மனசுல ஒரு விவசாயி படம் இருக்கு. அதுக்கு யார் மூஞ்சி பொருந்துதோ அவனுக்கு வேலை. உங்க மூஞ்சி நல்லால்லன்னு யாரும் சொல்லல."

இரண்டு நாள் கழித்து போன். "தம்பி, உங்க கை மட்டும் வேணுமாம்!"

விஷயம் இதுதான். க்ளோஸப்பில் உள்ளங்கையில் நெல் விழவேண்டும். பெங்களூர் நண்பரின் கை பூப்போல இருந்ததாம். ஆடிஷன் வீடியோவைத் திரும்பப் பார்த்தபோது, பயிர் விலக்கிய என் கையை யாரோ கவனித்திருக்கிறார்கள். இடது ஆள்காட்டி விரலில், எட்டு வயசில் புல் அறுக்கும்போது அருவாள் பட்ட தழும்பு. "அந்தத் தழும்பு ரொம்ப ஒரிஜினலா இருக்கு" என்றாராம் டைரக்டர்.

ஒரு நாள் முழுக்க என் கை நடித்தது. நெல் விழும், மூடவேண்டும். மெதுவாக மூடவேண்டும். நன்றியோடு மூடவேண்டும்! கிளிசரின் கலந்த தண்ணீரை வியர்வை மாதிரி தெளித்தார்கள். மதியத்துக்குள் தோள்பட்டை மரத்துப்போனது. அந்த நெல்லை மட்டும் மோந்து பார்த்தேன். பழைய நெல்.

சம்பளம் 3,000 ரூபாய். அதில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்து 2,700 கொடுத்தார்கள். வருஷத்துக்கு 30,000-ஐத் தாண்டாத தொகைக்குப் பிடிக்கவேண்டிய அவசியமே இல்லை என்று அப்போதிருந்த சட்டத்தை நான் எடுத்துச் சொன்னேன். கேஷியர் என் கையைப் பார்த்தார். கைக்கு இவ்வளவு வாய் எதற்கு என்பது மாதிரி இருந்தது. (அடுத்த வருஷம் ரிட்டர்ன் போட்டு அந்த 300 ரூபாயைத் திரும்ப வாங்கினேன். பி.காம். வீண் போகவில்லை.)

2012-13-ல் ஆதார விலை 1,250 ஆகியிருந்தது. சிப்பம் 500 ரூபாய். ஆக, ஒரு நாள் கை மூடியதற்கு ஐந்தரைச் சிப்பத்துக்குக் கொஞ்சம் குறைவு. பரவாயில்லையே!

விளம்பரம் டி.வி.யில் வந்த அன்று, எங்கள் வீட்டில் தெருவே கூடியிருந்தது. செய்திக்கு நடுவில் வந்தது. பெங்களூர் நண்பர் வானத்தைப் பார்த்துச் சிரித்தார். என் கை வந்தது. போனது. இரண்டு விநாடி.

"எங்கடா நீ?" என்றாள் அம்மா.

"அதாம்மா, நெல்லு வாங்குச்சே, அந்தக் கை."

"மூஞ்சி?"

"மூஞ்சி பெங்களூரு."

அதன்பிறகு சின்னச் சின்னதாக வேலைகள் வந்தன. நகைக்கடை விளம்பரத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் மைத்துனன். ஜவுளிக்கடைக் கேட்டலாக்குக்கு ஒரே நாளில் நாற்பது சட்டை. முன்னால் பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும், முதுகுப் பக்கம் வரிசையாக கிளிப் குத்தியிருக்கும். உட்காரவும் முடியாது, சாயவும் முடியாது. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் நிமிர்ந்துகொள்ளும், அடிப்பக்கம் கனம். இந்தத் தொழிலில் நிற்கிறவனுக்கும் அடியில் ஒரு கனம் வேண்டும். எனக்கு அது அம்மாவின் தோடு. பதினாலு மாதத்தில் மீட்டேன். ஆடிட்டர் ஆபீஸ் சம்பளம் பாதி, கையும் முதுகும் பாதி.

ஒரு தகவல். துணியை ஆளுக்குப் போட்டுக் காட்டி விற்கும் வழக்கத்தில் முதலில் பேசப்படும் பெயர் மரி வெர்னே. 1850-களில் பாரிஸ் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த பெண். அங்கே கூட வேலை பார்த்த சார்லஸ் வொர்த், சால்வைகளை அவர் தோளில் போட்டு வாடிக்கையாளர்களுக்குக் காட்டினார். அப்புறம் அவரையே கல்யாணமும் செய்துகொண்டார். இதைப் படித்ததும் எனக்குக் கும்பகோணம் ஜவுளிக்கடைதான் ஞாபகம் வந்தது. புடவையை உதறி, தன் தோளிலேயே முந்தானை போட்டு, "பாருங்கக்கா, எப்படி இருக்கு!" என்று நிற்பாரே, மீசை வைத்த சேல்ஸ்மேன் அண்ணன்? ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம் கட்டாமல் இருபது வருஷம் மாடலிங் செய்தவர் அவர்தான்.

இப்போது எனக்கு வயசு முப்பதுகளின் பின்பாதி. இடுப்பு, கேட்டலாக் சைஸைத் தாண்டிவிட்டது. பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். 2025-ல் ஹெச் அண்ட் எம் கம்பெனி, முப்பது மாடல்களுக்கு அவர்கள் சம்மதத்தோடு கம்ப்யூட்டர் நகல் தயாரிக்கப்போவதாக அறிவித்தது. இனி உர விளம்பரத்துக்கும் ஏ.ஐ. விவசாயி வருவார். அழகாக வானத்தைப் பார்த்துச் சிரிப்பார். தழும்பு மட்டும் யாரிடமாவது கடன் வாங்கவேண்டியிருக்கும்.

இந்தத் துறைக்குக் கிளம்பும் தம்பிகள் யாராவது இதைப் படித்தால் இரண்டே விஷயம். ஒன்று, காசு உங்கள் பக்கம் வரவேண்டும், உங்களிடமிருந்து போகக்கூடாது. படம் எடுத்துக்கொள்ள வேண்டுமா, நீங்களே ஒரு போட்டோகிராபரைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். வேலை தருகிறேன் என்று சொல்கிறவரே அதற்கும் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டு, கையெழுத்துப் போடுமுன் உங்கள் படத்தை எங்கெங்கே, எத்தனை வருஷம் போடுவார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். என் கைக்கு ஒப்பந்தம் ஒரு வருஷம்.

அந்த ஆல்பம் என்ன ஆனது என்கிறீர்களா? எங்கள் வீட்டு அரிசி டிரம்முக்கு மூடியாக இருக்கிறது. சரியான அளவு. 58 சிப்பம் கொடுத்து யார் வீட்டில் மூடி வாங்கியிருக்கிறார்கள்?

2016 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அப்பா என்னை உரக்கடைக்குக் கூட்டிப்போனார். யூரியா வாங்கவில்லை. ஒன்றுமே வாங்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் சுவரைக் காட்டினார்.

போஸ்டர். வெயிலில் கொஞ்சம் வெளுத்திருந்தது. பெங்களூர் நண்பரின் முகத்தின் மேல் விதைநெல் விலைப்பட்டியலை ஒட்டியிருந்தார்கள். கீழே என் கை மட்டும் முழுசாகத் தெரிந்தது.

"மூணு வருஷமா சொல்லிக்கிட்டிருக்காரு தம்பி, எம் புள்ள கை, எம் புள்ள கைன்னு" என்றார் கடைக்காரர். "கை யாருக்குத்தான் இல்லைன்னேன். அந்தத் தழும்பைப் பாருங்க, நாந்தான் பச்சிலை கசக்கி வெச்சுக் கட்டினேன்னு சண்டைக்கு வர்றாரு."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. துண்டால் போஸ்டரின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குள் இருந்த பி.காம். விழித்துக்கொண்டது. "அப்பா, ஒப்பந்தம் ஒரு வருஷம்தான். 2013-லயே முடிஞ்சுபோச்சு. இதை போட்டோ எடுத்து நோட்டீஸ் அனுப்பினா, மேற்கொண்டு காசு கேக்கலாம். இல்லன்னா எடுக்கச் சொல்லலாம்."

"எதுக்குடா எடுக்கணும்?" என்றார் அப்பா. "இருந்துட்டுப் போவுது. உரம் வாங்க வர்றப்பல்லாம் பாத்துக்கறேன்."